வருவாள் கிணறு

“இன்னைக்கும் எரிஞ்சுட்டா அண்ணாச்சி?”

“எரிஞ்சுட்டு. வடக்கு வாசல்ல ஆரம்பிச்சுது. காப்பி வாரதுக்குள்ள கோயில் மட்டும்தான் மிச்சம்.”

“எத்தனாவது தடவை?”

“நாப்பத்து மூணு. மதிலை ஒசத்தினாலும் எரியுது, தாழ்த்தினாலும் எரியுது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஆளுதான் தீவட்டியோட வாரான். மொகம் மனப்பாடம் ஆயிட்டு. ரோட்ல பாத்தா வணக்கம் வச்சிருவேன்.”

செண்பகவடிவு சிரித்தாள். ஜெபசிங் சிரிக்கவில்லை. இரண்டு ஆறுகளுக்கு நடுவே களிமண்ணால் எழும்பி, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன நகரம் அவருடைய பொறுப்பு. அடுத்த அறையில் இருந்த முரம்பூர் அவளுடையது.

திருநெல்வேலிக்குக் கிழக்கே அந்தக் கட்டடத்தில் செய்த வேலை அதுதான். தோண்டி எடுத்த ஓடு, எலும்பு, உமி, வண்டல் எல்லாவற்றையும் கருவிக்குக் கொடுப்பார்கள். அது அந்த ஊரை முதல் குடிசையிலிருந்து வளர்க்கும். உள்ளே ஆட்கள் பிறப்பார்கள், சண்டை போடுவார்கள், கட்டிக்கொள்வார்கள், சாவார்கள். இங்கே ஒரு நாள் என்றால் அங்கே நூறு வருஷம். தானே மதில் கட்டி, தானே தீர்ப்புச் சொல்லி, யாருக்கும் தலைவணங்காமல் நின்ற அந்தச் சின்னச் சின்ன நகரங்கள் ஏன் விழுந்தன என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மற்ற ஊர்களுக்கெல்லாம் தீ, முற்றுகை, கொள்ளைநோய் என்று ஏதாவது ஒரு தடயம் இருந்தது. முரம்பூரில் ஒன்றும் இல்லை. கரி இல்லை, அம்புமுனை இல்லை, சிதறிய எலும்பு இல்லை. வீட்டுக் கதவுகள் சாத்தியபடி கிடந்தன. ஊர் நடுவில் ஓர் உறைகிணறு. அதைச் சுற்றி மூன்று வட்டமாக நூற்றுப் பதினான்கு பானைகள், அத்தனையும் கவிழ்த்து வைத்திருந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கருவி இதுவரை முதலிலிருந்து மறுபடி மறுபடி ஓட்டிய ஓட்டங்களில், ஆறு விலகியதும் சனங்கள் பத்தே வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கிணற்றைச் சுற்றிப் பானை வைத்தவர்கள் ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாயைத் திறப்பார்கள். முரம்பூரில் அது கிணறு. திறந்திருக்கும்வரை அங்கேயும் காலம் நம்மோடு சேர்ந்து மெதுவாக நடக்கும். இங்கே பேசினால் அங்கே கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்.

“கேக்கலாம். சொல்லக் கூடாது,” என்பார் இயக்குநர் உமையொருபாகம். சேர்ந்த அன்றே எல்லோருக்கும் அவர் சொல்லும் பாடம் அது. “கேள்வி காத்து மாதிரி, தொட்டுட்டுப் போயிரும். சொன்ன சொல்லு விதை. உள்ள விழுந்தா முளைக்கும். அப்புறம் அது அவங்க ஊரா நம்ம ஊரான்னு தெரியாமப் போயிரும்.”

அந்த வெள்ளிக்கிழமை கிணற்றடியில் ஒரு பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பெயர் கொற்றி. கருவிக்குப் பேச்சுப் பழக்க ஆறு மாதம் வாய் ஓயாமல் பேசியவள் செண்பகவடிவு. அதனால் பழந்தமிழ் அவளுடைய பேச்சாகவே வெளியே வரும், அவள் பேச்சு பழந்தமிழாக உள்ளே போகும். “ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தின சனம் பூராவும் உங்க அத்தை மாதிரியே பேசுதே,” என்று உமையொருபாகம் ஒருமுறை குறைப்பட்டிருந்தார்.

“கொற்றி, பானையை எதுக்கு எப்பவும் கவுத்தியே வைக்கீங்க?” என்று கேட்டாள் செண்பகவடிவு.

கொற்றி கிணற்றை எட்டிப் பார்த்தாள். பயந்த மாதிரித் தெரியவில்லை.

“இதைக் கேக்கவா கிணத்துக்குள்ள எறங்குன? பல்லி விழும்லா.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன வேணும்? உங்க ஊர்ல பல்லி கெடையாதா?”

“சாமிக்குன்னு ஒண்ணும் இல்லையா?”

“சாமிக்கு வச்ச பானைலயும் பல்லி விழும் தாயி.”

செண்பகவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வருஷ ஆராய்ச்சிக்குப் பல்லிதான் பதில். மணி ஐந்தடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிணற்று வாயை மூடுகிற பித்தானில் கை வைத்தபடி, எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் சொல்வதைப் போலச் சொன்னாள்:

“சரி கொற்றி, அப்ப வாரேன்.”

சனியும் ஞாயிறும் விடுமுறை.

திங்கள்கிழமை காலையில் திரையைப் பார்த்தபோது வேறு யாருடைய அறைக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தாள். நானூறு வீடு இருந்த இடத்தில் மூவாயிரம் வீடுகள். சுற்றிலும் செங்கல் மதில். துறையில் பாய்மரங்கள், தென்னந்தோப்பு நீருக்குள் இறங்கி நிற்கிற மாதிரி. தெருக்கள் எல்லாம், எங்கே தொடங்கினாலும், வளைந்து வளைந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. கிணற்றுக்கு.

“அண்ணாச்சி, இங்க கொஞ்சம் வாங்களேன்.”

ஜெபசிங் வந்து நின்று பார்த்தார். “யாரு ஊரு இது?”

“என் ஊருதான். இருநூத்தி எழுபது வருஷத்துல இப்படி ஆயிருக்கு. இந்த ஓட்டத்துலதான். முந்தி எதுலயும் இப்படி இல்ல.”

“என்ன செஞ்ச?”

“ஒண்ணும் செய்யலியே. கேட்டேன். பல்லின்னா. வந்துட்டேன்.”

பதிவிலிருந்து நடுவே நடுவே குரல்களை எடுத்துக் கேட்டார்கள். துறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கடல் கடந்து வந்த வியாபாரி.

“ஆளையே தெரியாது. சரக்கு அத்தனையும் அவன் கைல குடுத்து அனுப்பிட்டீரே ஐயா,” என்றான் அவன்.

“முரம்பூர்க்காரனாக்கும். வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்.”

“சொன்னா?”

“வந்துருவான். இந்த ஊர்ல அந்த ஒரு சொல்லுலதான் எல்லாம் நிக்குது. அவன் வீட்டைப் பாத்தீரா? பூட்டு இருக்கா? வாசல்ல ஒரு பானையைக் கவுத்திருக்கான். அதை நிமித்த இந்த ஊர்ல ஆள் கெடையாது. பத்து வருஷம் ஆனாலும் அவனேதான் வந்து நிமித்தணும்.”

“இது எங்கேருந்து வே வந்த பழக்கம்?”

“கிணத்துக்குள்ள இருக்காளே, அவகிட்ட இருந்து. பேரு வருவாள். முதக் கொற்றிகிட்ட வாரேன்னு சொல்லிட்டுப் போனாளாம். அவ வாரப்ப ஊரு இருக்க வேண்டாமா?”

செண்பகவடிவு பதிவை நிறுத்தினாள். 

“வாரேன்னியா?” என்றார் ஜெபசிங்.

“கெளம்பும்போது சொன்னேன். வேற என்ன சொல்லுவாவ? நீங்க என்ன சொல்லுவீங்க?”

“நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா என் ஆளுங்களுக்கு அது புரியாது. அவங்க பாஷைல போறவன் போறேன்னுதான் சொல்லுவான்.” அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “நம்ம ஊர்க்காரங்க மட்டும்தான் போகும்போது வாரேன்னு சொல்லுதோம். கருவிக்கு அது போறதாத் தெரியுமா? அந்தச் சொல்லை அப்படியே வருவேன்னு மாத்தி உள்ள போட்டுட்டு.”

“அதுல ஊரு இவ்வளவு பெருசாயிட்டே.”

“அடுத்ததைப் பாரு.”

திரையின் மேல்பக்கத்தில் ஒரு வெளுத்த கோட்டை மட்டும் விட்டுவிட்டு, ஆறு விளிம்பைத் தாண்டி விலகிப் போயிருந்தது. எல்லா ஓட்டங்களிலும் விலகுகிற அதே ஆறு. விலகி இருபது வருஷம் ஆகியிருந்தது. துறையில் படகுகள் சாய்ந்து கிடந்தன. ஆனால் யாரும் கிளம்பவில்லை. கிணற்றை மட்டும் இன்னும் இன்னும் ஆழமாகத் தோண்டி, உறைக்கு மேல் உறையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெருக்களில் பிள்ளைகள் குறைந்திருந்தார்கள்.

உமையொருபாகம் வந்து பார்த்தபோது அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பளிச்சென்று இருந்தன.

“இதுதாம்மா நாம தேடினது. நகரங்கள் ஏன் விழுது? எதுல எழும்புதோ அதுலயேதான் விழுது. அந்த ஒரு சொல்லுலதான் எழும்புச்சு, இப்ப அதையே பிடிச்சுக்கிட்டு நிக்குது. கடைசி வரைக்கும் ஓட விடுங்க.”

“கடைசின்னா, சார்?”

“கடைசி ஆள் வரைக்கும்.”

“என் தப்பு சார் அது.”

“தப்புன்னாலும் நல்ல தப்பு.”

“நாம இங்க நின்னு பேசுத ஒரு மணி நேரம் அங்க நாலு வருஷம். நீங்க மாடி ஏறி வந்ததுக்குள்ள கெழக்குத் தெருவுல ரெண்டு பிள்ளைங்க செத்துட்டு.”

“அதுங்க எண்ணுங்கம்மா. ஜெபசிங் ஊரு நாப்பத்து மூணு தடவை எரிஞ்சிருக்கு. யாராவது அழுதாங்களா?”

வாசலில் நின்றிருந்த ஜெபசிங் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “மொத ஏழு தடவை அழுதேன் சார். அப்புறம் வீட்ல கேட்டாங்கன்னு நிறுத்திட்டேன்.”

உமையொருபாகம் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். அங்கே இரண்டு மாதம் போயிருக்கும்.

“வாயைத் திறக்கேன். ஆனா கேள்வி மட்டும்தான். ஒரே ஒரு சொல்லு சொன்னீங்கன்னாலும் மூடிருவேன். ஏற்கெனவே ஒண்ணு சொல்லித்தான் இந்தக் கதி.”

“கேள்வியாவே கேக்கேன் சார்.”

“அவங்களைக் கெளப்பி விட்டாலும் எங்க போவாங்க? நம்ம வரைபடம் ஏழு மைலோட முடியுது. படகுல வந்து போறவங்களை மட்டும் கருவி கணக்குல வச்சுக்கும், மத்தபடி அதுக்கு அங்கிட்டு நெலமே கெடையாது. தாண்டினவங்க கணக்குல இருந்து மறைஞ்சிருவாங்க. அது தெரியும்லா?”

“தெரியும் சார்.”

“அப்ப இங்க சாகுறதுக்கும் அங்க மறையுறதுக்கும் என்ன வித்தியாசம்?”

“தெரியல சார். இங்க இருந்தா சாவாங்கங்கிறது தெரியும். அங்க என்னன்னு உங்களுக்கும் தெரியாது.”

கிணற்று வாய் திறந்தது. பித்தான் மேல் உமையொருபாகத்தின் விரல் இருந்தது.

கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவளும் கொற்றிதான். பதினோராவது கொற்றி. கிணற்றைப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். அவளுடைய முழங்கை எலும்பு தனியாகத் தெரிந்தது. மடியில் காலிப் பானை.

“கொற்றி, கேக்குதா?”

அவள் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டாள்: “வந்துட்டியா?”

செண்பகவடிவின் வாயில் ‘வந்துட்டேன்’ என்பது வந்து நின்றது. விரலைப் பார்த்தாள். விழுங்கினாள்.

“இவ்வளவு நாளா எனக்காகவா காத்திருந்தீங்க?”

“பின்ன? வாரேன்னவ வந்து பாக்கும்போது ஊரு காலியாக் கெடந்தா நல்லாவா இருக்கும்? இப்பவாவது வந்தியே. தண்ணி கொண்டாந்தியா?”

“நான் தண்ணி கொண்டாரவளா?”

“இல்லையா?” கொற்றி யோசித்தாள். “அம்மை சொன்னா, நீ பல்லியைப் பத்தித்தான் கேட்டியாம். அதுக்கே நாங்க கோயில் கட்டிட்டோம். சரி, பரவால்ல. இருக்கியே, அதுவே போதும்.”

“ஆறு எங்க இருக்கு, கொற்றி?”

“வெலகிட்டு. வடக்கால. ஒரு நாள் நடை.”

“நீங்களும் அது பின்னாலேயே போனா என்ன?”

“நீ வாரேன்னிருக்கியே.”

“நான் போயிட்டேன்னு வச்சுக்கிட்டா?”

கொற்றியின் முகம் மாறியது. பானையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். “அந்தச் சொல்லை இங்க சொல்ல மாட்டோம் தாயி. செத்தவங்களைத்தான் போயிட்டாங்கன்னு சொல்லுவோம். உன்கிட்ட இருந்துதான் படிச்சோம் அதை. நீ செத்தா போன?”

செண்பகவடிவு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். செத்துவிட்டேன் என்று சொன்னால் அவர்கள் கிளம்பிவிடலாம். அல்லது கிணற்றில் குதிக்கலாம். எப்படியும் அதைச் சொல்ல முடியாது, விரல் பித்தான் மேல் இருக்கிறது. அதைவிட, அவளுக்கே வாய் வராது. அவளுடைய அம்மையை ஆம்புலன்சில் ஏற்றும்போதுகூட, மூச்சுத் திணறலுக்கு நடுவே, ‘வாரேன்டி’ என்றுதான் சொன்னாள்.

அந்த நினைவில்தான் அவளுக்கு அது தட்டுப்பட்டது. வாரேன் என்று சொல்பவர் கிளம்பிப் போகிறவர். காத்திருப்பவர் வீட்டில் இருப்பவர். முந்நூறு வருஷமாக எல்லோரும் இடம் மாறி நின்றுகொண்டிருக்கிறார்கள்.

“கொற்றி,” என்றாள். குரலைக் கேள்வியாகவே பிடித்துக்கொண்டாள். “நான் இங்கனயே இருந்து ஊரைப் பாத்துக்கிட்டா, நீங்க போயிட்டு வாரியளா?”

அங்கே அப்போது காற்று இல்லை. ஆனாலும் எல்லாத் தெருக்களும் மூச்சை இழுத்துப் பிடித்தது போலிருந்தது.

“நாங்க போயிட்டு வரணுமா?”

“வர மாட்டியளா?”

“வருவோம். முரம்பூர்க்காரங்க சொன்னா வருவோம்.” கொற்றி எழுந்து நின்றாள். முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு வேலை கிடைத்த தெளிவு வந்தது. “நீ இருப்பியா?”

செண்பகவடிவு இயக்குநரைப் பார்த்தாள். ‘இருப்பேன்’ என்று சொன்னால் மூடிவிடுவார்.

“இல்லாம எங்க போவேன்?”

உமையொருபாகம் மெல்ல விரலை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு, கொஞ்சம் கழித்து, அவரே வாயை மூடினார்.

காலம் மறுபடி ஓடத் தொடங்கியது. காப்பி ஆறுவதற்குள் ஊர் கலைந்தது. இருபது முப்பது வீடு சேர்ந்த குடிகுடியாகப் போனார்கள். ஒவ்வொரு குடியும் கிளம்பும்முன் கிணற்றடிக்கு வந்து ஒரு பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனது. ஒரு வட்டம் நிறைந்தது. இன்னொரு வட்டம். வரிசைகள் வடக்கே நீண்டு, ஏழாவது மைலைத் தொட்டு, அங்கே மழைத்துளி மணலில் மறைகிற மாதிரி ஒவ்வொன்றாக மறைந்தன. திரையின் மூலையில் எண் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்று.

கொற்றி தன் மடிப் பானையைக் கவிழ்த்தாள். கிணற்றுக்குள் குனிந்து ஏதோ சொன்னாள். வாய் மூடியிருந்ததால் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

“எண்ணுங்க,” என்றார் உமையொருபாகம். அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது.

ஜெபசிங் எண்ணினார். “மூணு வட்டம். நூத்திப் பதினாலு.”

 அந்த நூற்றுப் பதினான்கும் கீழ்த்தளத்தில், மரப்பெட்டிகளில், நிஜமாகவே இருந்தன.

“அப்படின்னா,” என்று ஜெபசிங்தான் கடைசியில் கேட்டார், “நெசமான முரம்பூர்ல, அந்தக் கிணத்துல இருந்து, யாரு சார் வாரேன்னு சொன்னா?”

உமையொருபாகம் ஜன்னல் பக்கம் திரும்பி, வெயிலில் கிடந்த வறண்ட முரம்பூர் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஓட்டத்தை அணைத்துவிடச் சொல்ல வந்தவர், சொல்லாமல் போய்விட்டார்.

காலி ஊருக்கு அதிகம் செலவில்லை. ஒரு மின்விசிறி சுழலுகிற அளவு மின்சாரம் போதும். பழைய கணினிப் பெட்டி ஒன்றில் போட்டு மூலையில் வைத்தார்கள். செண்பகவடிவு வேகத்தைக் குறைத்து, இங்கே ஒரு நாளென்றால் அங்கேயும் ஒரு நாள் என்று ஆக்கினாள்.

“எதுக்கு?” என்று கேட்டார் ஜெபசிங்.

“நூறு வருஷத்தை ஒரு நாள்ல ஓட்டிட்டு, காத்திருந்தேன்னு சொன்னா அது பொய்லா அண்ணாச்சி.”

“எல்லைக்கு அங்கிட்டு ஒண்ணும் இல்ல, செண்பகம்.”

“நமக்கு இல்ல.”

அதற்குப்பின் அவளுக்கு ஒரு வினோதப் பழக்கம் வந்தது. யாரிடமாவது ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டால், போய்த் திரும்பி வராமல் அவளால் இருக்க முடியவில்லை. காய்க்கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டால், மறுநாள் கத்திரிக்காய் வேண்டாமென்றாலும் போய் நிற்பாள். கடைக்காரர், “என்னக்கா, நேத்துத்தான வாங்குனீங்க,” என்பார். “வாரேன்னேன்லா,” என்பாள். ஜெபசிங் ஓய்வு பெற்றார். அவருடைய நகரம் ஐம்பத்தெட்டாவது முறை எரியாமல் தப்பியது என்றும், ஆனால் அதே வாரத்தில் பஞ்சத்தில் போனது என்றும் தகவல் வந்தது. உமையொருபாகம் வேறு ஊருக்கு மாறிப் போனார். புதிதாக வந்தவர்கள் மூலையில் ஓடும் பெட்டி எதற்கென்று கேட்டால், “ஆள் வெளிய போயிருக்காவ, வீட்டைப் பாத்துக்கிடுதேன்,” என்று சொன்னாள்.

பதினோரு வருஷம் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பையைக்கூட இறக்கிவைக்காமல் ஜெபசிங்கைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, ஒரு பானை நிமிந்திருக்கு.”

“காத்தா இருக்கும்.”

“பெட்டில போடும்போதே காத்தை எடுத்துட்டோம்லா.”

“பழைய பெட்டி, செண்பகம். ஏதாவது பிழையா இருக்கும்.”

“இருக்கும். பானைல தண்ணியும் இருக்கு. கிணறு வறண்டுதான் கெடக்கு. எங்கேருந்தோ கொண்டாந்து ஊத்தியிருக்கு.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “வாயைத் திறந்தியா?”

“இனிமேத்தான். என்ன கேக்கன்னுதான் தெரியல.”

“கேள்வியாத்தான் கேக்கணும்னு விரலை வச்சுக்கிட்டு உன் பின்னால இப்ப யாரு நிக்கா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஜன்னல் வழியே வெயில் பாதி மேசைவரை வந்திருந்தது.

பித்தானை அழுத்தினாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு காலடிகள். ஒன்றல்ல, நிறைய. வெகுதூரம் நடந்து வந்த கால்களின் சத்தம். யாரோ கிணற்றின் விளிம்பில் கை ஊன்றினார்கள். இளம்பெண்ணின் குரல், கேட்டே இராத குரல், கொஞ்சம் தயங்கி, உள்நோக்கிக் கேட்டது:

“யாரும் இருக்கியளா?”

“இருக்கேன்,” என்றாள் செண்பகவடிவு.